ஆஸ்பத்திரி நிறுத்தம் வரைக்கும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், மனித மனத்தின் ஆழத்திலிருந்து என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இது என் இடது கெண்டைக்காலிலிருந்து வந்தது.

என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். காலையின் முதல் வண்டி அவளுடையது. கொஞ்ச நாளாக அவள் தூக்கத்தில் பிரேக் போடுகிறாள். வலது கால் சட்டென்று நீளும். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தால் பலமாக ஓர் அழுத்து. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் என் கால் இருக்கிறது. நான் "ஐயோ" என்பேன். அவள் விழித்துக்கொள்வாள். அதன் பிறகு இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்போம், விடியும்வரை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து கதை கேட்டார். "உங்க கதைல எப்பவும் ஒண்ணுமே நடக்கறதில்ல சார். இந்தத் தடவையாவது ஏதாவது நடக்கட்டுமே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். என் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

"நள்ளிரவின் அடர்ந்த மௌனத்தில்…"

விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அப்படியொரு மௌனம் கிடையாது. ஃப்ரிட்ஜ் முனகும். குளியலறைக் குழாய் சொட்டும். அதைச் சரிசெய்யாததற்காக என்மீது இருக்கும் வழக்கு தனி.

"உறக்கம் என்பது ஒருவகையில்…"

ஒருவகையில் என்ன? தெரிந்தால் தூங்கியிருக்க மாட்டேனா?

"லாரி ஓட்டுநர் திடுக்கிட்டு விழித்தார். அவருடைய அடர்ந்த மீசை வியர்வையில் நனைந்திருந்தது."

இதில் கொஞ்ச தூரம் போனேன். மனைவி தன்னைக் கதையில் போடக் கூடாது என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். அதனால் பேருந்தை லாரி ஆக்கினேன். அவளுக்கு மீசை வைத்தேன். வைத்துவிட்டு, ஆள் அடையாளமே தெரியாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டு குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் டீயும் கையுமாக என் மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இது?"

"ஒரு லாரி டிரைவர்."

"அவரு எதுக்கு என் போர்வையைப் போத்திட்டிருக்காரு?"

"அது பொதுவான போர்வை."

"ஓரத்துல இஸ்திரிப் பொட்டி சுட்ட ஓட்டை கூடவா பொதுவு?" மீதியையும் படித்தாள். "மீசை எனக்கு நல்லா இல்ல. எடுத்துடுங்க."

"அப்போ உன்னையே போட்டுடவா?"

கொஞ்சம் யோசித்தாள். "போட்டுக்கோங்க. ஆனா நான் சொன்னத மட்டும் எழுதுங்க. சொல்லாதத எழுதாதீங்க."

சரி என்றேன். இந்த உடன்படிக்கையை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் நான் இதில்தான் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.

3

அவள் சொன்னது மிகக் குறைவு. ஒருநாள் காலை, ரோட்டைக் கடக்க ஒரு பெண் ஸீப்ரா கோட்டில் இறங்கினாள். வண்டி நின்றுவிட்டது. யார்மீதும் படவில்லை. நின்றுகொண்டிருந்த பயணி ஒருவர் கம்பியில் முழங்கையை இடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டால், "அதான் நின்னுடுச்சே" என்பாள். நின்றுவிட்ட வண்டியை அவள் ஒவ்வோர் இரவும் ஏன் மறுபடி நிறுத்துகிறாள் என்பதுதான் கேள்வி.

டிப்போவில் ஒரு வழக்கம் இருக்கிறது. இப்படி ஏதாவது நடந்தால், அந்த ஓட்டுநரிடம் சாவியைக் கொடுக்கும் முன் டைம்கீப்பர் தினமும் கேட்க வேண்டும்: "தூங்கினீங்களா?" ஆமாம் என்றால் சாவி. இல்லை என்றால் சாவி வேறு ஆளுக்குப் போகும். கேட்கப்பட்டவர் பெஞ்சில் உட்கார வேண்டும். யாரும் உட்கார்ந்ததில்லை. கேள்வி முடிவதற்குள் கையை நீட்டி, "ஆச்சு, ஆச்சு" என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் நாம் சொல்லும் பதிலைப் போலத்தான் அதுவும்.

என் மனைவி மட்டும் அதை நிஜக் கேள்வி என்று எடுத்துக்கொண்டாள். "இல்ல" என்றாள்.

டைம்கீப்பர் நல்ல மனிதர். "அம்மா, சும்மா ஆமான்னு சொல்லிடுங்கம்மா. என் வாயால உங்கள உக்காரச் சொல்ல வைக்காதீங்க" என்று கெஞ்சியிருக்கிறார்.

"தூங்கலயே. எப்படிச் சொல்றது?"

போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் உட்கார்ந்தாள். சில நாள் தூக்கம் வரும், சாவி கிடைக்கும்; பல நாள் பெஞ்சுதான். இது இப்படியே போனால் அவளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பயணிகள் தவறவிட்ட பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் அறைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

"ஒத்தச் செருப்புக்குக் காவல் இருக்கவா நான் லைசென்ஸ் வாங்கினேன்?" என்று என்னிடம் கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வண்டியை ஓட்டும்போது அவள் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். என் புத்தகம் வெளிவந்த அன்றுகூட என் முகம் அப்படி இருந்ததில்லை. அதை அவளிடமிருந்து எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஆக, இந்தக் கதையில் ஒரே ஒரு காரியம்தான் நடக்க வேண்டும். இடையில் விழித்துவிட்ட ஒரு பெண் திரும்பத் தூங்க வேண்டும். இதைப் போய் ஒரு கதையா என்று கேட்பவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறவர்கள்.

4

நன்றாகத் தூங்குகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கம் போனவர்களுக்கு அறிவுரை சொல்வதற்கென்றே அவர்கள் பிறந்திருக்கிறார்கள். என் அக்கா அவர்களில் தலையாயவள். தலையணையைப் பார்த்தாலே தூங்கிவிடுவாள். தினமும் போன் செய்து புதிதாக ஒன்று சொன்னாள்.

கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். திருப்பினோம். அதற்குப் பிறகு மணி என்னவாக இருக்கும் என்று இருவரும் இருட்டில் வாதாடினோம்.

மூச்சை எண்ணச் சொன்னாள். மனைவி எண்ணிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், "உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க" என்று முணுமுணுத்தாள். மூச்சுகள் ஆட்களாகி வண்டியில் ஏறிவிட்டன.

படுக்கையில் புரளாமல் எழுந்து வேறு அறையில் உட்காரச் சொன்னாள். மனைவி சமையலறையில் உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் அடுப்பைத் துடைத்தாள். பிறகு அலமாரியை. எங்கள் வீடு இவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. தூக்கம் மட்டும் வரவில்லை.

"நீயும்தான் இருக்கியே, எழுத்தாளன்னு பேரு. ஒரு கதை சொல்லித் தூங்க வைக்கத் தெரியாதா?" என்றாள் அக்கா கடைசியில். அவள் கிண்டலாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிரவு என் கெண்டைக்கால் மிதிபட்ட பிறகு இருட்டில் குரல் வந்தது. "ஒரு கதை சொல்லுங்க. ஒண்ணுமே நடக்காத கதையா."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் நாவலைப் பற்றி ஒருவர் எழுதினார், இதை மருந்துக் கடையில் விற்கலாம், பக்க விளைவு கிடையாது என்று. அதை மனைவியிடம் காட்டாமல் எத்தனையோ நாள் மறைத்து வைத்திருந்தேன். என் திறமைக்கு உரிய இடம் கடைசியில் என் படுக்கையறையிலேயே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

5

"ஓர் ஆள் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்" என்று ஆரம்பித்தேன். "நீளமான சுவர். மேலிருந்து கீழே ஒரு பட்டை. பிறகு பக்கத்தில் இன்னொரு பட்டை. வெயில் இதமாக இருக்கிறது. அவருக்கு அவசரம் இல்லை. மேலிருந்து கீழே…"

அவள் மூச்சு சீரானது. அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஐந்தாறு பட்டைக்குப் பிறகு எனக்குள் இருக்கும் எழுத்தாளனுக்கு அரிப்பெடுத்தது. இப்படியே போனால் இலக்கியம் என்ன ஆவது? "சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது" என்று சொல்லிவிட்டேன். "அதன் வழியாக யாரோ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டாள். "அப்புறம்?"*

* ஓர் எழுத்தாளன் வாழ்நாளெல்லாம் ஏங்கும் சொல் இது. அச்சில் வந்த என் எந்தக் கதைக்கும் கிடைத்ததில்லை. கிடைத்த அன்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த இரவு, காய்ந்த துணிகளை மடித்து வைக்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். சட்டை, அதன் மேல் சட்டை. இந்த முறை ஓட்டை கிடையாது, எட்டிப் பார்க்கும் ஆள் கிடையாது, சத்தியம். கடைசியில் ஒரு காலுறை மட்டும் ஜோடி இல்லாமல் மிஞ்சியது. அழகுக்காகத்தான் வைத்தேன். "இன்னொண்ணு எங்க?" என்று விளக்கைப் போட்டாள். காலையில் டைம்கீப்பரிடம் "இல்ல" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தபடி எனக்குப் போன் செய்து, "அந்தக் காலுறை கிடைச்சுதா இல்லையா?" என்று கேட்டாள்.

அவள் வேலை போய்க்கொண்டிருந்தது. நான் அதைச் சுவாரஸ்யமான முறையில் போக வைத்துக்கொண்டிருந்தேன்.

6

(இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இது இல்லாமல் அடுத்தது நிற்காது.)

அடுத்த இரவு உறுதியோடு படுத்தேன். அவளுக்குப் பழகிய ஒன்றைச் சொல்வோம், பழகியது அலுப்பூட்டும் என்று யோசித்தேன். "ஒரு பஸ்" என்றேன். "காலி பஸ். நேர் ரோடு. சிக்னல் இல்லை. நிறுத்தத்தில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் மரம். பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. ரோட்டில் வெள்ளைக் கோடு, வெள்ளைக் கோடு, வெள்ளைக் கோடு…"

நடுக்கோட்டைத்தான் சொன்னேன், சத்தியமாக. அவளுக்குக் கோடு குறுக்கே திரும்பி ஸீப்ரா கோடாகிவிட்டது. கெண்டைக்காலில் இடி இறங்கியது. நான் கத்தவில்லை. அவளும் விளக்கைப் போடவில்லை. ஃப்ரிட்ஜ் முனகி ஓய்ந்தது.

"உங்களுக்குக் கதை சொல்லத் தெரியல. நான் சொல்றேன்" என்றாள்.

"எதை?"

"அன்னைக்கு நடந்தத."

7

இப்போது என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கணவன் இந்த இடத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வான். நான் பிடித்துக்கொண்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மறுகையால் தலையணைக்கு அடியில் பேனா தேடினேன். இத்தனை நாள் வாய் திறக்காதவள் திறக்கிறாள். ஆசிரியர் கேட்டது நடக்கப் போகிறது!

ஆனால் ஓட்டுநர்கள் நடந்ததைச் சொல்லும் விதமே வேறு. விசாரணையில் வண்டி எடுத்த இடத்திலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும், நேராகச் சம்பவத்துக்குத் தாவக் கூடாது. அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. "டிப்போல வண்டி எடுத்தேன்" என்று ஆரம்பித்தாள். "டயரைச் சுத்திப் பாத்தேன். ஸ்டார்ட் பண்ணிட்டு பிரேக்குக்கு ஏர் ஏறுற வரைக்கும் உக்காந்திருந்தேன். இடது கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்துச்சு, ஏத்தி வச்சேன். வலது கண்ணாடி சரியா இருந்துச்சு. கதவைத் திறந்து மூடிப் பாத்தேன். கேட்டைத் தாண்டினேன். முதல் ஸ்டாப்ல யாரும் இல்ல. அடுத்த ஸ்டாப்ல பேப்பர் கட்டோட ஒருத்தர் ஏறினாரு. முன்னாடி உக்காந்தாரு. அதுக்கடுத்து ஸ்கூல். பூட்டியிருந்துச்சு…"

அவள் குரல் தாழ்ந்து, ஒரே வேகத்தில், எங்கும் முட்டாமல் வந்தது. ஓட்டை இல்லை. காலுறை இல்லை. நான் பல வாரத் தூக்கம் பாக்கி உள்ளவன். மார்க்கெட் வந்தது. பாலம் வந்தது. "ஆஸ்பத்திரி ஸ்டாப்ல டூட்டி முடிஞ்ச நர்ஸுங்க ஏறினாங்க, பின்பக்கமா…"

இந்தக் கதைக்கு உச்சம் என்று ஒன்று இருக்குமானால் அது அடுத்த நிறுத்தத்தில் இருக்கிறது. நான் அங்கே போகவில்லை. தூங்கிவிட்டேன்.

8

கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. பக்கத்தில் ஆள் இல்லை. போர்வை என் மேல் ஒழுங்காகப் போர்த்தப்பட்டிருந்தது.

மனைவி முதல்முறையாக மனதைத் திறக்கும்போது குறட்டை விட்ட கணவனைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, எனக்கும் அதேதான் தோன்றியது. ஒரு செருப்பு அவளுடையது, ஒரு செருப்பு என்னுடையது என்று மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். முதல் நடை முடிந்து அவள் ஓட்டும் வண்டி அந்த வழியாகத்தான் திரும்பி வரும். அவள் தூங்கியிருந்தால் அவள் ஓட்டி வருவாள். தூங்கவில்லை என்றால் வேறு யாரோ.

வண்டி திரும்பியது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முகம் தெரியவில்லை. நிறுத்தத்தில் வந்து சரியாக என் முன்னால் நின்றது. கதவு திறந்தது.

அவள்தான்.

"என்ன கோலம் இது?" என்றாள் என் காலைப் பார்த்து.

"தூங்கினியா?"

"தூங்கினேன்." கியரில் கை வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க தூங்கினதுக்கு அப்புறமும் சொன்னேன். முழுசா சொல்லி முடிச்சேன். காதுல விழுந்துச்சா?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப் வரைக்கும்தான்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் தோள் இறங்கியது. நான் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் கேட்கக் கூடாது. அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான் என்பது எனக்கு அந்தப் படிக்கட்டின் கீழே நின்றபோதுதான் உறைத்தது.

"நல்லது" என்றாள். "ஏறுறீங்களா, இல்ல கதவை மூடவா? பின்னாடி ஆளுங்க திட்டறாங்க."

9

அதிலிருந்து இதுவே எங்கள் வீட்டு வழக்கம் ஆகிவிட்டது. பிரேக் விழும். நான் "ஐயோ" என்பேன். அவள் டிப்போவிலிருந்து வண்டியை எடுப்பாள். ஆஸ்பத்திரி வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன். மீதியைத் தூங்குகிறவனிடம் சொல்லிவிட்டு அவளும் தூங்குவாள். காலையில் டைம்கீப்பரிடம் "தூங்கினேன்" என்பாள். அவர் சாவியை இரண்டு கையாலும் கொடுக்கிறாராம்.

எல்லோருக்கும் நிம்மதி. ஆசிரியரைத் தவிர. "சார், அந்த ஸீப்ரா கோட்டுல என்னதான் ஆச்சு? அத விட்டுட்டா கதையே இல்லையே" என்றார். முடிவுகளை உற்பத்தி செய்து பார்த்தேன். கோட்டில் இறங்கிய பெண், வெகுநாள் பேசாத ஒரு தோழியாக… இல்லை. அந்தப் பெண் வேண்டுமென்றே… வேண்டாம், அதை நினைக்கவே பிடிக்கவில்லை. பிரேக்கை அழுத்துவதற்கு முன்னால் என் மனைவி ஒரு கணம்… அடித்துவிட்டேன். சொல்லாததை எழுதாதீர்கள் என்றாளே.

ஆனால் அவள்தான் சொல்லிவிட்டாளே! அதே அறையில், என் காதுக்கு அரையடி தூரத்தில், தினமும். எழுதலாமா கூடாதா? எந்த வக்கீலைக் கேட்பது?

ஒருநாள் பகலில் நன்றாகத் தூங்கி வைத்துக்கொண்டேன். இரவு பாலம் தாண்டியும் விழித்திருந்தேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவள் வண்டியை நிறுத்திவிட்டாள். நர்ஸுகள் ஏறி முடித்த பிறகும் எடுக்கவில்லை. என் மூச்சு நீள்வதற்காகக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது.

அதனால் குறட்டை விட்டேன். என் குறட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேள்வி ஞானத்தை வைத்துக்கொண்டு ஒன்றை இழுத்தேன்.

"தூங்கிட்டீங்களா?" என்றாள்.

இதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதைவிடக் கஷ்டமான நடிப்பு உலகத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று இழுத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். வண்டியை எடுத்தாள்.

அப்புறம் என்ன ஆனது என்றால், கண்ணை மூடிக் குறட்டை விடுகிறவனுக்கு என்ன ஆகுமோ அதுதான். நடித்தபடியே தூங்கிவிட்டேன்.

10

(ஆசிரியருக்கு மட்டும்: இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதை அச்சில் எடுத்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள். இப்போதெல்லாம் ரோட்டைக் கடக்கும்போது நான் கோட்டின் ஓரத்தில் நின்றுவிடுகிறேன். வருகிற வண்டியின் ஓட்டுநர் என் முகத்தைப் பார்க்கிறவரைக்கும் காத்திருந்து, ஒரு முறை தலையசைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். முன்பு அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. காரணம் கேட்காதீர்கள். தூங்குகிறவனுக்கு என்ன தெரியும்?)

இந்தக் கதை வெளிவந்ததும் என் மனைவி படிப்பாள். டீயும் கையுமாக, அதே மேஜையில். நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தால், ஆஸ்பத்திரி நிறுத்தத்தைத் தாண்டி இனி அந்த வண்டி போகாது. அவளும் தூங்க மாட்டாள். டைம்கீப்பர் கேட்கும்போது அவளுக்குப் பொய்யும் வராது. ஒரு வீட்டில் ஒருத்தர் உண்மை பேசினால் போதும், இன்னொருத்தர் கதை எழுதிப் பிழைத்துக்கொள்ளலாம்.

எனவே முடிவு என்று என்னிடம் ஒன்றும் இல்லை. அது உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது முதல் வண்டியில் ஏற நேர்ந்து, ஸ்டியரிங்கில் மீசை இல்லாத ஓர் ஓட்டுநர் உட்கார்ந்திருந்து, உங்கள் கையில் இந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "அவர் நிஜமாவே தூங்கிட்டாரா?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்:

"தூங்கிட்டாரும்மா. ஆஸ்பத்திரி ஸ்டாப்லயே."